ஒரு கட்டை விரல் கூடுதல்

அளவுக் குச்சியை, பூட்ஸ் தைக்கிற மரக் கால்கட்டையின் மேல் படுக்கவைத்து, குதிகால் பக்கம் ஒட்டிப் பிடித்து, மறுமுனையில் குச்சி முடிகிற இடத்துக்கு அப்பால் தன் கட்டை விரலை அகலவாக்கில் வைக்கிறார் ஜோத்தம் வீலாக். விரல் வெளியே வழிந்தால் அந்தக் கால்கட்டையைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த பெரியதை எடுப்பார். எல்லாக் குச்சிக்கும் இந்த உபசாரம் கிடையாது. ஒரு சாணுக்குக் குறைந்த குச்சிகளுக்கு மட்டும்தான்.

"அண்ணே, குச்சி என்ன சொல்லுதோ அதைச் செய்யி. உன் விரலுக்கு யாரும் பூட்ஸ் கேக்கல" என்று பக்கத்து முக்காலியிலிருந்து நேஹம் பிக்ஸ்பி சொல்வான்.

"குச்சி வெட்டுனது ஏப்ரல். பூட்ஸ் போய்ச் சேர்றது நவம்பர். அதுவரைக்கும் கால் வளராம காத்துக்கிட்டா இருக்கும்?"

இந்தப் பேச்சு வருஷத்துக்கு நாற்பது தடவையாவது நடக்கிறது. இருவருக்கும் அலுக்கவில்லை.

குச்சிகள் தெற்கேயிருந்து வருகின்றன. அங்கே பருத்தித் தோட்டத்தில் கங்காணி அடிமைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் காலுக்கும் குதியிலிருந்து பெருவிரல் வரை ஒரு குச்சி வெட்டி, அதில் பெயரைக் கத்தியால் கீறி, கட்டாகக் கட்டிக் கப்பலேற்றிவிடுவான். நீளம்தான் கணக்கு. அகலம், மேடு, பள்ளம், ஆணிக்கால், எதுவும் குச்சியில் வராது. வலது, இடது என்பதும் வராது; இரண்டு காலுக்கும் ஒரே வார்ப்புத்தான். பாஸ்டனில் இறங்கும் கட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் புதிதாக விட்ட ரயிலில் ஏறி, மாசசூசெட்ஸின் உள்ளே கில்பி என்ற ஊருக்கு வருகிறது. ஊரில் பூட்ஸ் தைக்காத வீடு தேடினால் பாதிரியார் வீடு ஒன்று மிஞ்சும். பெரிய கடையின் ஏஜெண்ட் லோரிங், வெட்டிய தோலையும் குச்சிக் கட்டையும் வண்டியில் கொண்டுவந்து பட்டறை பட்டறையாகப் போட்டுவிட்டுப் போவான். தைத்து முடித்ததும் பீப்பாயில் அடைத்து எடுத்துப்போவான். குச்சிகளை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அடுப்புக்கு நல்ல சுள்ளி.

ஜோத்தமின் வாயில் எந்நேரமும் முப்பது நாற்பது மர ஆணிகள் இருக்கும். இடது கன்னத்துக்குள் குவிந்து கிடக்கும் அவற்றை நாக்கு ஒவ்வொன்றாகத் தள்ளி, கூர் முன்னால் வரும்படி உதட்டில் நிறுத்தும். விரல் எடுக்கும், குத்தூசி போட்ட துளையில் நடும், சுத்தி ஒரே அடி. அதனால் பகலெல்லாம் அவர் பேச்சு "ம்" ஒன்றுதான். அந்த "ம்"மிலேயே பல ரகம் உண்டு. சரி என்கிற ம், சரியில்லை என்கிற ம், நீ சொல்வது சரிதான் ஆனால் நீ சொன்னதால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிற ம். கடைசி ரகம் நேஹமுக்கென்று ஒதுக்கியது. என்றாவது அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினால் பட்டறையில் எல்லாச் சுத்தியும் நிற்கும். மனுஷன் வாக்கியம் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

ஐம்பத்திரண்டு வயது. உயரம் அதிகம், ஆனால் அது யாருக்கும் தெரிவதில்லை. முப்பத்தைந்து வருஷம் முக்காலியில் குனிந்தே இருந்தவர் நின்றாலும் பாதி உட்கார்ந்த மாதிரிதான் நிற்கிறார். மெழுகு நூல் இழுத்து இழுத்து இரண்டு சுண்டுவிரலின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு வாய்க்கால் விழுந்திருக்கிறது. எந்தச் சோப்புக்கும் போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்துக்குக் கை கூப்பும்போது அந்த இரண்டு கறுப்புக் கோடுகளும் சேர்ந்து ஒரே கோடாகிவிடும்.

ஆட்களின் முகம் அவருக்கு இரண்டாம்பட்சம். பார்வை நேரே காலுக்குப் போகும். தெருவில் எதிரே வருகிறவரின் தொப்பியைப் பற்றிக் கேட்டால் விழிப்பார். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார். மனைவி ஹல்டாவை முதன்முதலில் பார்த்தபோதும் அப்படித்தான். "நாலு நாள் கழிச்சுத்தான் என் மூஞ்சிய நிமிர்ந்து பாத்தாரு. அதுக்குள்ள நான் சரின்னு சொல்லிட்டேன், பிரச்சினையில்ல" என்பாள் ஹல்டா.

பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி. ஒரு இரும்பு அடுப்பு, நான்கு முக்காலி, சுவர் நிறையத் தொங்கும் கால்கட்டைகள். எங்கோ நடந்துபோனவர்கள் மறந்து விட்டுவிட்டுப் போன கால்களைப் போல. ஜோத்தம், நேஹம், டையர் சகோதரர்கள் இருவர். முறைபோட்டு ஒருவர் உரக்கப் பத்திரிகை படிக்க வேண்டும். படிக்கிறவரின் வேலையை மற்ற மூவரும் பங்கு போட்டுச் செய்வார்கள். வாஷிங்டன் காங்கிரஸில் நடந்த பேச்சு, அடிமை ஒழிப்புச் சங்கத்தின் கடிதங்கள், கப்பல் செய்தி, கொலை. கொலை வந்தால் டையர் சகோதரர்கள் தங்கள் முறை இல்லாவிட்டாலும் படிக்க முன்வருவார்கள்.

முன்பெல்லாம் பதினோரு மணிக்கு ஒருவர் ரம் வாங்கப் போவார். மதுவிலக்குச் சங்கம் வந்து ஊரே கையெழுத்துப் போட்டதும் ரம் போய், இஞ்சியும் வெல்லப்பாகும் கலந்த தண்ணீர் வந்தது. அப்புறம் ஹல்டா, கரும்புத் தோட்டத்தில் வெல்லப்பாகு காய்ச்சுவதும் அடிமைகள்தான் என்று கேள்விப்பட்டு அதை வீட்டுக்குள் விடவில்லை. இப்போது மேப்பிள் மரத்துப் பாகு.

"நாக்கு ஒண்ணு, அதுக்கு ரெண்டு சங்கம்" என்பான் நேஹம், அந்தத் தண்ணீரைக் குடித்து முகம் சுளித்தபடி. அவன் எந்தச் சங்கத்திலும் இல்லை. "நல்லவனா இருக்கறதுக்கு நேரம் வேணும்ணே. எனக்கு அஞ்சு பிள்ளை."

ஜோத்தம் எல்லாவற்றிலும் இருக்கிறார். கில்பி அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பதிவேட்டில் மூன்றாவது பெயர் அவருடையது. மேடை ஏறிப் பேசியதில்லை. கூட்டத்தன்று மற்றவர்களுக்கு முன்னால் போய்க் கோயிலின் பின்னறை அடுப்பை மூட்டுவது அவர் பொறுப்பு. ஹல்டா வாஷிங்டனுக்கு அனுப்பும் அடிமை ஒழிப்பு மனுவோடு வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கையெழுத்து வாங்கியபோது, இரண்டடி பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு போனார். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. "அந்தம்மா செருப்புல உள்தோல் கிழிஞ்சிருக்கு ஹல்டா. நடக்கறப்ப குத்தும். அதான் கோவம்" என்பார் திரும்பும் வழியில்.

இதே மனுஷன்தான் தோட்டத்து பூட்ஸ் செய்கிறார். அந்த முரண் அவருக்குத் தெரியாமலில்லை. நேஹம் இருக்கும்வரை தெரியாமலிருக்க வழியுமில்லை.

"காலைல அடிமையை விடுதலை பண்ணணும்னு பத்திரிகை படிக்கிறோம். மத்தியானம் அவன் வேலைக்குப் போக பூட்ஸ் தச்சுக் குடுக்கிறோம். ஏண்ணே, நாம யாரு பக்கம்?"

"ம்."

அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று இருந்தது. பெரிய கடை போன வருஷம் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தது. உள்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் தோல் வைக்க வேண்டியதில்லை. மரச்சிராயும் கூழாக்கிய காகிதமும் திணித்தால் போதும். வெளியே தெரியாது. ஒரு மழை வரை தாங்கும். லோரிங் அதைச் சொல்லிவிட்டு, "எவன் திரும்பிக் கொண்டாந்து நம்மகிட்ட சண்டை போடப்போறான்?" என்று சிரித்தான்.

ஜோத்தம் ஆணிகளைத் துப்பினார். நான்கு சுத்தியும் நின்றன.

"அதனாலதான் முடியாது."

அவ்வளவுதான் வாக்கியம். அன்றிலிருந்து தன் பங்குத் தோலில் விழும் துண்டுகளைச் சேர்த்துவைத்து, அதைத்தான் நடுவில் வைக்கிறார். குதிகாலில் மற்றவர்கள் ஒரு வரிசை ஆணி அடித்தால் அவர் இரண்டு. நான் விட்டால் காகிதம் திணிக்கிறவன் செய்வான். அதற்கு நானே செய்கிறேன். இதுதான் அந்தச் சமாதானம். அடுத்த பீப்பாய் கிளம்பும்வரை அது நன்றாகவே தாங்கியது.

குச்சிகள் எல்லாம் அடுப்புக்குப் போகும் என்றோமே, மூன்று மட்டும் போகவில்லை. பட்டறை நிலைக்கதவில் கீழிருந்து மேலாகக் கத்திக் கீறல்கள் இருக்கின்றன. இப்போது லோவல் ஊர் மில்லில் நெசவுக்கு நிற்கும் மகள் வளர்ந்த உயரங்கள். அதன் பக்கத்தில் இடுக்கில் செருகிய மூன்று குச்சிகள். மூன்றிலும் ஒரே பெயர்: பைனா. முதலாவது, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அவர் கை இருக்கிற நீளம். அடுத்த வருஷத்தது அதைவிட அரை விரல்கடை கூட. மூன்றாவது இன்னும் அரை. ஒவ்வொரு மே மாதமும் கட்டு வந்தவுடன் கயிற்றை அறுத்து, முழுவதையும் தரையில் பரப்பி, முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவார். கிடைத்ததும் பழையவற்றோடு நிறுத்தி வைத்துப் பார்த்து, "வளந்துட்டா" என்பார். ஆணியில்லாத வாயால், தெளிவாக.

"உன் சொந்தக்காரப் பொண்ணு மாதிரில்ல பேசற" என்பான் நேஹம்.

"வருஷா வருஷம் என் விரல் அவ பூட்ஸுக்குள்ள இருக்கு. சொந்தந்தான்."

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டாம் வருஷம் மே மாதம், நான்காவது கட்டு வந்த அதே திங்கட்கிழமை, கோயில் மூப்பர் புல்லர்டும் பட்டறைக்கு வந்தார். குட்டையானவர், நேர்மையானவர், தர்மசங்கடமான விஷயத்தை நின்றுகொண்டேதான் சொல்வார். முக்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சகோதரர் வீலாக், சங்கத்துல ஒரு தீர்மானம் வருது. வர்ற ஞாயித்துக்கிழமை, மத்தியான ஆராதனை முடிஞ்சதும். அடிமை வெச்சிருக்கவங்களுக்குச் சாமான் செஞ்சு குடுக்கறவங்க நம்ம பதிவேட்டுல இருக்கக் கூடாதுன்னு."

"ம்."

"உங்களை நெனச்சுப் போட்டதில்ல. ஆனா உங்களுக்கும் சேர்த்துத்தான்."

நேஹம் சுத்தியைக் கீழே வைத்தான். "மூப்பரே, ஒரு சந்தேகம். நீங்க போட்டிருக்க சட்டை என்ன துணி?"

மூப்பரின் காது சிவந்தது. "பருத்தி" என்றார்.

"எந்த ஊர்ச் செடி?"

"தெரியும்ப்பா. அதுவும் வரும். எல்லாத்தையும் ஒரே நாள்ல கழட்டுனா தெருவுல நிக்க முடியாது. ஒண்ணொண்ணாத்தான் கழட்டணும்." பிறகு ஜோத்தமைப் பார்த்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க இல்லாம அந்த அறை எப்படியிருக்கும்னு எனக்கே தெரியல. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. விட்டுட்டேன்னு சொல்லுங்க, இல்ல விடமாட்டேன்னு சொல்லுங்க. நாங்களா பேரை அடிக்கற மாதிரி வெச்சிராதீங்க."

அவர் போனபிறகு ஜோத்தம் புதிதாக வந்த குச்சிக் கட்டைத் தூக்கி மூலையில் வைத்தார். கயிற்றை அறுக்கவில்லை. ஞாயிறு வரை அறுப்பதில்லை என்று அவரே போட்டுக்கொண்ட விதி. அறுத்துப் பார்த்தால், பைனாவின் குச்சி இருந்தால் விட முடியாது. இல்லாமலிருந்தாலும் என்ன செய்வதென்று தெரியாது. அந்த வாரம் முழுக்க மீதமிருந்த பழைய வேலையைச் செய்தார். சுத்தியடிக்கு நடுவே கண் மூலைக்குப் போய்ப் போய் வந்தது. அடுப்புக்குச் சுள்ளி எடுக்க எழுந்த டையர் சகோதரர்களில் ஒருவன் தெரியாமல் கட்டின்மேல் கை வைத்தபோது, "அத விடு!" என்று கத்திய குரல் ஜோத்தமுடையது என்பதை அவரே நம்பவில்லை. வாயிலிருந்த ஆணிகள் தரையெங்கும் சிதறின. நான்கு பேரும் குனிந்து பொறுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை ஐஷம் ஹார்ன் வந்து சேர்ந்தார். சனிக்கிழமை கோயிலில் பேச வேண்டியவர். தங்க ஏற்பாடு வீலாக் வீட்டில். கறுப்பர், முப்பது வயதிருக்கும், தெற்குக் கரோலினாவின் ஒரு தோட்டத்திலிருந்து தப்பி, இரவெல்லாம் நடந்து துறைமுகம் சேர்ந்து, கப்பலின் அடித்தட்டில் பதினோரு நாள் ஒளிந்து பாஸ்டனுக்கு வந்தவர். மேடையில் இதைச் சொல்லும்போது ஜனங்கள் அழுவார்கள். மேடைக்கு வெளியே அவர் சிரிப்புக்காரர். ஹல்டா கொடுத்த மேப்பிள் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடிச்சா எனக்காக நீங்க எவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு புரியுது" என்றார். நேஹமுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

மத்தியானம் பட்டறையில் காலியாயிருந்த மரப்பெட்டியில் வந்து உட்கார்ந்தார். ஜோத்தம் வழக்கப்படி காலைப் பார்த்தார். பாஸ்டனில் யாரோ கொடுத்த பூட்ஸ். இடது காலில் சுண்டுவிரல் பக்கம் தோலைக் கத்தியால் கீறி இடம் விட்டிருந்தது. பக்கவாட்டில் எலும்பு புடைத்த கால். நெடுநேரம் பார்த்தார். கடைசியில் ஆணிகளைக் கன்னத்துக்கு ஒதுக்கி, பாதி வாயால் கேட்டார்.

"அங்க போட்ட பூட்ஸ் ஐயாவுக்கு எப்படியிருந்தது?"

"ஐயா வேண்டாம். கப்பலை விட்டு இறங்கின அன்னைக்கே ஒரு முடிவு பண்ணேன், யாரையும் ஐயான்னு கூப்பிடறதில்ல, யாரும் கூப்பிடவும் வேண்டாம்னு. ஐஷம் போதும்." காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். "எப்படியிருக்கும்? பலகையில ஏறி நிக்கற மாதிரி. முதல் வாரம் ராத்திரி பன்னிக் கொழுப்பு தடவி ஊறவெப்போம். அப்பவும் பாதிப்பேர் கையில தூக்கிக்கிட்டு நடப்பாங்க. நான் கிளம்பினப்ப போட்டிருந்தது மூணாவது ராத்திரி வாயைப் பொளந்துடுச்சு. உள்ளேயிருந்து காகிதம் வந்தது. மரப்பட்டையால கட்டிக்கிட்டு நடந்தேன்."

"குதிகால்ல எத்தனை வரிசை ஆணி?" ஜோத்தம் கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் அது எவ்வளவு பேராசையான கேள்வி என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். முகம் பதனிட்ட தோலின் நிறத்துக்குப் போயிற்று.

ஐஷம் அவரைப் பார்த்தார். கேள்விக்குள் இருந்த கேள்வி புரிந்துவிட்டது.

"எண்ணிப் பார்க்கல வீலாக். உங்களுதா இருக்கணும்னு ஆசைப்படறீங்க. தெரியல. பூட்ஸோட அடியை நான் திருப்பிப் பார்த்ததே, இன்னும் இருக்கான்னு பார்க்கத்தான்."

நேஹம் மட்டும் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

ஜோத்தம் எழுந்துபோய் நிலைக்கதவின் இடுக்கிலிருந்து மூன்று குச்சிகளையும் எடுத்துவந்து ஐஷமின் கையில் கொடுத்தார். மற்றவர்களிடம் காட்டும்போது இருக்கிற அதே பெருமை. "மூணு வருஷமா பாக்குறேன். எப்படி வளந்துட்டா பாருங்க."

ஐஷம் சிறிய குச்சியை விரலால் தடவினார். பெயர்க் கீறலில் நகம் ஓடியது. "இது முதல் குச்சியா?"

"ஆமா."

"இதுக்கு என்ன வயசுன்னு நினைக்கிறீங்க?"

"ஒன்பது. பத்து இருக்கலாம்."

"அஞ்சு வயசுல, ஆறு வயசுல இவளுக்கு ஏன் குச்சி வரல?"

ஜோத்தம் யோசித்தார். முப்பத்தைந்து வருஷமாகக் கால்களைப் பற்றி எல்லாமே யோசித்தவர், இதை யோசித்ததில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்குப் பூட்ஸ் கிடையாது" என்றார் ஐஷம். "வெறுங்காலோட சுத்தும். வேலைக்கு இறக்குனாத்தான் பூட்ஸ். முதல் குச்சி வெட்டுற அன்னைக்குத்தான் கையில களைக்கொத்து குடுப்பான். எனக்கு எட்டு வயசுல வெட்டுனான். எங்கம்மா அதுக்கு முந்தின வருஷம் என்னை மரத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சா, அளக்கறவன் போறவரைக்கும். அளந்துட்டா முடிஞ்சது."

குச்சிகளைத் திருப்பிக் கொடுத்தார். ஜோத்தம் வாங்கிக்கொண்டார். பிறகு வாயிலிருந்த ஆணிகளை, துப்பவில்லை, ஒவ்வொன்றாக விரலால் எடுத்து மடியில் வைத்துத் தோல் தட்டுகிற கல்லின்மேல் வைத்தார். இருபத்தாறு ஆணிகள். தூரத்தில் மத்தியான ரயில் கூவிற்று.

"அப்ப நான் இதைச் செய்யறதா, விடறதா?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க." ஐஷமின் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "எந்த ஊர்ல இறங்குனாலும் ஒருத்தர் கேக்கறார். நீங்க நல்லவர்னு சொல்லிட்டுப் போறதுக்காக நான் அவ்வளவு தூரம் நடந்து வரல. கெட்டவர்னு சொல்றதுக்கும் வரல." வாசல் வரை போனவர் நின்றார். "நவம்பர்ல அங்கயும் உறைபனி உண்டு. அது எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல முடியும்." பிறகு தன் இடது பூட்ஸைக் காட்டி, "இதைச் சரி பண்ண முடியுமான்னு கேக்கத்தான் உள்ள வந்தேன்" என்றார்.

ஜோத்தம் அந்த மத்தியானம் முழுக்க அதைத்தான் செய்தார். ஐஷமின் பாதத்தைத் தன் மடியில் வாங்கி, புடைத்த எலும்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கால்கட்டையில் அதே இடத்தில் தோல் துண்டு ஒட்டி, மேல்தோலைப் பிரித்து அகலம் விட்டுத் தைத்தார். குச்சியில்லாமல், காலை நேரில் பார்த்து, தெற்கத்திக் கால் ஒன்றுக்கு அவர் வேலை செய்தது அதுவே முதல் தடவை. ஐஷம் போட்டு நடந்து பார்த்தார். பட்டறையில் நான்கே எட்டுதான் நடக்க முடியும். நான்கு முறை நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜோத்தம் பின்னறைக்குப் போய் அடுப்பை மூட்டினார். மே மாதத்தின் கடைசி ஞாயிறு, வெளியே ஆப்பிள் மரம் பூத்திருந்தது, அடுப்புக்கு அவசியமேயில்லை. வந்தவர்கள் சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு வியர்வையோடு உட்கார்ந்தார்கள். மூப்பர் புல்லர்ட் தீர்மானத்தைப் படித்தார். படித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "யாராவது பேசணும்னா" என்றார்.

ஜோத்தம் எழுந்தார். பழக்கதோஷத்தில் உள்ளங்கையை வாய்க்கு அருகே கொண்டுபோனார். துப்ப ஆணியில்லை. கையை இறக்கிக்கொண்டார்.

"விட்டுட்டேன்" என்றார்.

கை தட்டினார்கள். பெரிய கடைக்காரர்களுக்குப் பயந்து ஊரில் பாதிப்பேர் வாய் திறக்காத காலம். அந்தக் கைதட்டல் உண்மையானதுதான். ஆனால் ஜோத்தமுக்கு அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தனக்குச் சேர வேண்டிய பொருளல்லாத ஒன்றைத் தவறுதலாக வாங்கிக்கொண்டவர் போல ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அடுப்பின் கதவைத் திறந்து இன்னொரு விறகை உள்ளே வைத்தார். அறை கொதித்தது.

வீடு திரும்பும்போது ஹல்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காரியம் பண்ணீங்க."

"பண்ணது யாரு? விட்டதுதான்" என்றார் அவர், அவள் காலைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை காலை லோரிங் வந்தான். விஷயம் அதற்குள் அவனுக்கு எட்டியிருந்தது. கோபப்படவில்லை, அவனுக்குக் கட்டு எந்த மூலையில் கிடந்தாலும் ஒன்றுதான். அறுக்காத கட்டைத் தூக்கி நேஹமின் முக்காலிக்குப் பக்கத்தில் போட்டான். ஜோத்தமின் மடியில் பாஸ்டன் சீமாட்டிகளுக்கான ஆட்டுக்குட்டித் தோல் துண்டுகளைப் போட்டான். வெண்ணெய் போன்ற தோல். நடனத்துக்குப் போடுவது. "இதான் இருக்கு. விரலைக் கொஞ்சம் சின்னதாக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜோத்தம் மர ஆணி டப்பாவைப் பழக்கத்தில் எடுத்து, திரும்ப வைத்தார். இந்த வேலைக்கு ஆணி கிடையாது. காலி வாயோடு ஊசியில் பட்டுநூல் கோக்க முயன்றார். சுண்டுவிரலின் கறுப்பு, அந்த வெள்ளைத் தோலில் பட்டுக் கறையாயிற்று. எச்சில் தொட்டுத் துடைத்தார், இன்னும் பரவிற்று.

"அண்ணே, நீ பேசாம இருக்கறது எங்களுக்குப் பழகிப்போச்சு. வாயில ஆணியும் இல்லாம பேசாம இருந்தா பயமா இருக்கு" என்றான் நேஹம். அப்புறம் கத்தியை எடுத்து, குனிந்து, கட்டின் கயிற்றை அறுத்தான்.

ஊசி நின்றது.

நேஹம் ஒவ்வொரு குச்சியாக உருவினான். அவனுக்குப் பெயர் படிக்கிற வழக்கமில்லை. இன்று, பத்திரிகை படிக்கிற முறை தனக்கு வந்ததுபோல, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்துவிட்டுக் கீழே போட்டான். கஃபீ. பெரிய ஹேகர். அபா. இன்னொரு கஃபீ. குவாஷ். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு படித்தான். கட்டு மெலிந்துகொண்டே வந்தது. டையர் சகோதரர்கள் சுத்தியை மடியில் வைத்துவிட்டார்கள். கடைசி ஏழோ எட்டோ இருக்கும்போது, ஒரு குச்சியை வெளிச்சத்தில் பிடித்தவன் உடனே படிக்கவில்லை.

"பைனா."

ஒரு சாணுக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சல்தான்.

நேஹம் சுவரிலிருந்து ஒரு கால்கட்டையை எடுத்து மடியில் வைத்தான். குச்சியை அதன்மேல் படுக்கவைத்தான். குதிகால் ஒட்டியது. நுனியும் சரியாக முடிந்தது. குச்சி சொன்னபடியே கச்சிதமான அளவு. மேல்தோலை எடுக்கக் கை நீட்டினான்.

பக்கத்து முக்காலியிலிருந்து ஒரு கை வந்தது. சீமாட்டியின் செருப்பை இன்னொரு கையில் பிடித்தபடியே, ஜோத்தம் சாய்ந்து, குச்சி முடிகிற இடத்துக்கு அப்பால் தன் கட்டை விரலை அகலவாக்கில் வைத்தார். விரல் கட்டைக்கு வெளியே வழிந்தது. விரலை எடுக்கவில்லை. நேஹம் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே எழுந்து, சுவரிலிருந்து அடுத்த பெரிய கட்டையை எடுத்து வரும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது.